மஞ்சள் நிற்காத வரி

எங்கள் ஊர் உப்புச் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை உட்கார்ந்திருப்பவர் பக்கம் திருப்பி வைக்கவில்லை, ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் சின்ன ஆட்களின் சங்கம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை, கம்பி வைத்த ஒரே ஜன்னல். அளத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் வெளியில் நின்றபடியே திரையைப் பார்த்துவிட்டுப் போகலாம். உள்ளே உட்கார்ந்து தட்டுகிறவர்தான் கழுத்தை ஒட்டகம் போல நீட்ட வேண்டும். அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. முறை எல்லார் கண்ணிலும் பட வேண்டும், அதுதான் முக்கியம்.

முறை என்றால் லாரி முறை. அளத்தில் வாரிய உப்பைச் சாலையோரம் மலை மாதிரி குவித்து வைப்பார்கள். அதை அம்பாரம் என்போம். லாரி வரும்போது முதலில் யாருடைய அம்பாரம் ஏற வேண்டும் என்பதுதான் முறை. மாசியில் தொடங்கி ஆவணி வரைக்கும் யார் முதலில் போனால் என்ன என்று இருப்பவர்கள், புரட்டாசி பிறந்ததும் அண்ணன் தம்பி பார்க்க மாட்டார்கள். மழைக்கு முன்னால் ஏறாத உப்பைக் கீற்று வேய்ந்து காப்பாற்ற வேண்டும். கீற்று ஒழுகினால் வருஷம் முழுக்க வெயிலில் வெந்தது வந்த இடத்துக்கே போய்ச் சேரும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால், சங்கத்து ஆள் ஒருவர் டீக்கடை முன் நின்று அடுத்த முறை யாருடையது என்று கத்திச் சொல்வார். அவசரம் என்று ஒருவர் இன்னொருவரின் முறையை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு பேரும் அதே டீக்கடை முன் வந்து நிற்க வேண்டும். கொடுக்கிறவர் தன் வாயால் "விட்டுட்டேன்" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் பேசி முடித்தது செல்லாது. இந்த ஒரு கட்டுப்பாடு இருந்ததால்தான் எங்கள் ஊரில் புரட்டாசி மாதம் மண்டை உடையாமல் போனது.

நான் அப்போது பாண்டிச்சேரியை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், துபாய்க்கு டிக்கெட் போடும் கடைக்கு மேல்மாடியில், வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்த்தேன். முதலாளியைத் தவிர இருந்தது இரண்டே பேர், நானும் என்னோடு கல்லூரியில் படித்தவனும். அவனுக்கு ஊர் பெரிய முதலியார்சாவடி. கல்லூரியில் எனக்கு லேப் நோட்டு எழுதித் தந்தவன். நான் சண்டை போட்டால் எதிர்த்துப் பேசாமல் சிரித்தே ஜெயித்துவிடுகிறவன். கோபக்காரி என்று எனக்கு ஊரெல்லாம் பேர் இருந்தபோது என்னோடு முழு நாளும் ஒரே மேஜையில் உட்கார்ந்த ஒரே ஆள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா வைக்கிற மீன்குழம்பைச் சட்டியோடு முடித்துவிட்டுப் போவான். என் அப்பாவை அவனும் அப்பா என்றுதான் கூப்பிடுவான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதை எங்கள் ஊரில் அளவுக்கு மீறிக் கேட்டிருக்கிறேன். அது உப்பு விற்கிறவர்கள் சொல்லிக்கொள்வது போலிருக்கிறது, சாப்பிடுகிறவர்கள் காதில் விழுவதில்லை.

சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார் என்பதால் லாரி முறைக்கு ஒரு வெப்சைட்டை நாங்கள் இருவருமாகச் செய்தோம். காசுக்கு இல்லை. பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் இருக்கிற லாரி ஆட்கள் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள், எங்கள் ஆட்கள் ஜன்னலில் பார்த்துக்கொள்வார்கள். வரிசையை மாற்றுவதற்கு ஒரு பாஸ்வேர்டு. அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். டீக்கடை முன்னால் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் தலைவர் எங்களுக்குப் போன் செய்வார், நாங்கள் மாற்றுவோம். அவர் சொல்லாமல் எதையும் தொடுவதில்லை என்பது ஏற்பாடு.

முதலில் செய்தது ஒழுங்காகத்தான் ஓடியது, ஒரு தொல்லையைத் தவிர. புதிதாக ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கப் பக்கம் தானாகவே மறுபடி மறுபடி சர்வருக்குப் போய் வரும். அப்படிப் போகும்போது திரை முழுக்க வெளுத்துவிடும். எங்கள் ஊர் டெலிபோன் லைனுக்கு அது திரும்பி வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். தலைப்பு, சங்கத்துச் சின்னம், அத்தனை பெயர்கள் என்று எல்லாமே முதலிலிருந்து வர வேண்டும். ஜன்னலில் நிற்கிறவர்கள் "வெள்ளை அடிக்குதுடா" என்பார்கள். வெள்ளை அடித்து முடிந்ததும் படிக்கத் தெரிந்த ஒருவர் மேலிருந்து எல்லாப் பெயரையும் சத்தமாக வாசிப்பார். பாதி நாள் பக்கம் வராமலே நின்றுபோகும். டிரைவர்கள் பொறுமை இழந்து ஹாரன் அடிப்பார்கள். தலைவர் எனக்குப் போன் செய்து, "எம்மா, உன் பொட்டிக்குக் கண்ணு அடிக்கடி இருட்டிக்கினு வருதே, டாக்டருகிட்ட காட்டக்கூடாதா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்தை முழுசாகத் திரும்ப வரவழைக்காமல், மாறுகிற இடத்தை மட்டும் சர்வரிலிருந்து கொண்டுவந்து போடுகிற முறை எங்கும் பேச்சாக இருந்தது. பழைய முறை எப்படியென்றால், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதற்கு வீட்டையே பிரித்துக் கொண்டுபோய்த் தண்ணீரோடு சேர்த்து மறுபடி கட்டிக் கொடுப்பது. புது முறையில் வீடு அங்கேயே நிற்கும். பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன நிரல் மட்டும் சத்தம் போடாமல் சர்வருக்குப் போய், மாறியிருக்கிறதா என்று கேட்டு, மாறிய பெயரை மட்டும் வாங்கிவந்து அதன் இடத்தில் வைக்கும். இன்று கையிலிருக்கும் போனில் எல்லாமே அப்படித்தான் மாறுகிறது, யாரும் நின்று பார்ப்பதில்லை. அன்று எங்களுக்கு அது கண்கட்டு வித்தை.

அந்த வித்தையைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பெயர்கள் எல்லாம் கேள்விக்குறி கேள்விக்குறியாக வந்தன. சர்வர் தமிழ் எழுத்தை எந்த வகையில் அனுப்புகிறது என்று சொல்லாமல் விட்டதுதான் காரணம் என்று அவன் கண்டுபிடித்தான். அது சரியானதும் வேறு ஒரு பிசாசு. சர்வரில் பெயர் மாறியிருக்கும், திரையில் பழைய பெயரே வரும். பிரவுசர் முன்பு வாங்கிய பதிலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் தருகிறது என்று நான் கண்டுபிடித்தேன். கேட்கிற முகவரியின் வாலில் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தை ஒட்டிவிட்டேன். அது புதுக் கேள்வி என்று நம்பிப் போய்க் கேட்டுவந்தது. திரை வெளுக்காமல், பக்கம் அசையாமல், ஒரே ஒரு பெயர் மட்டும் சட்டென்று மாறியபோது நாங்கள் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் கீழே டிக்கெட் கடையிலிருந்து ஆள் ஏறி வந்துவிட்டார். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பிறகு அவனோடு சேர்ந்து அப்படிச் சந்தோஷப்பட்ட நாள் ஒன்றுகூட இல்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. வெள்ளை அடிக்கும்போது எல்லாரும் நிமிர்ந்து பார்த்துப் புதிதாக வாசிக்கிறார்கள். இனி அடிக்காது. சத்தமில்லாமல் மாறினால் யார் கவனிப்பார்கள்? அதனால் எந்த வரி மாறுகிறதோ அந்த வரி அன்று பொழுது சாய்கிற வரைக்கும் மஞ்சளாக நிற்கும்படி எழுதினேன். புதுப் பக்கத்தைச் சங்கத்தில் காட்டிய அன்று, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களிடம் நானே சொன்னேன்.

"இனிமே வெள்ளை அடிக்காது. மாறினா மஞ்சள் நிக்கும். மஞ்சள் இல்லன்னா எதுவும் மாறலன்னு அர்த்தம். இது என் பொறுப்பு."

எல்லாரும் தலையாட்டினார்கள். என் வார்த்தையை அவர்கள் எடுத்துக்கொண்டது எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும்போது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார்.

"மஞ்சள் இல்லாம மாத்த முடியாதாம்மா?" என்று கேட்டார்.

"முடியும்பா. ஒரு வரியை எடுத்துட்டா போதும். நான் எதுக்கு எடுக்கப் போறேன்?" என்றேன். மகள் செய்த வேலையைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று நினைத்து, அவர் கேட்காததையும் சேர்த்து விளக்கிக்கொண்டே வந்தேன்.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், புரட்டாசி. அம்பாரங்களில் முக்கால்வாசி ஏறிவிட்டன. மிச்சம் இருந்ததில் அடுத்த முறை எங்கள் அளத்துக்கு அடுத்த அளத்துக்காரருடையது. அவரை மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, இரண்டு அளத்துக்கும் நடுவில் ஒரே வரப்பு, அந்த உறவுதான். அவருக்குப் பின்னால் அப்பாவின் முறை.

வெள்ளிக்கிழமை காலையில் மாமா ஜன்னலுக்கு வந்து, தன் பெயர் முதலில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். லாரி மதியத்துக்கு மேல் வரும் என்றார்கள். உடனே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் அம்பாரத்தின் மேல் வேய்ந்திருந்த கீற்றை எல்லாம் பிரித்துப் போட்டிருக்கிறார். லாரி வந்து நின்ற பிறகு பிரித்தால் டிரைவர் திட்டுவான். அதனால் முறை வந்தவர் முன்னதாகவே பிரித்து வைப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

மதியம் லாரி சங்கத்து முன்னால் நின்றபோது ஜன்னலில் முதல் பெயர் என் அப்பாவுடையது. மஞ்சள் இல்லை. அங்கிருந்தவர்களில் ஒருவர் காலையில் மாமாவின் பெயர் இருந்ததே என்று சொன்னாராம். இன்னொருவர், "மஞ்சள் நிக்கலையே. அப்ப காலையிலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். அவரு அவசரத்துல தப்பாப் பார்த்துட்டிருப்பாரு" என்றிருக்கிறார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மஞ்சள் இல்லை என்றால் மாறவில்லை, அது நான் கொடுத்த வாக்கு. லாரி சாலையின் மறு கோடியில் இருந்த அப்பாவின் அம்பாரத்துக்குப் போனது.

மாமா திறந்து போட்ட உப்பின் பக்கத்தில் ஆட்களோடு உட்கார்ந்து லாரிக்குக் காத்திருந்தார். அது வேறு பக்கம் திரும்பியதே அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வடகிழக்கில் கறுத்தது. கீற்றைத் திரும்ப வேய்வதற்குள் ஊற்றிவிட்டது. அந்த வருஷத்தின் முதல் பெருமழை. மறுநாள் காலையில் அந்த அம்பாரம் இருந்த இடத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஏதோ அழுக்காக மிச்சமிருந்தது.

இதை விசாரிக்க ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடும் என்றார் தலைவர். சனிக்கிழமை கடைக்குப் போனதும் முதல் வேலையாக நிரலைத் திறந்தேன். மஞ்சளை நிற்க வைக்கிற வரிக்கு முன்னால் இரண்டு சாய்வுக் கோடுகள் போடப்பட்டிருந்தன. அப்படிப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியை ஒதுக்கிவிட்டுப் போய்விடும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நான். பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். அவன் விசைப்பலகையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"டேய், என்னைப் பாரு. ஏன்டா இப்படிப் பண்ண?"

"உங்கப்பாதான் போன் பண்ணாரு," என்றான். "நீ கீழ சாப்பிடப் போயிருந்த. முதலாளி தொழுகைக்குப் போயிருந்தாரு. மழை வர்ற மாதிரி இருக்குது, என் பேர முன்னாடி போட்டுடுப்பா, மஞ்சள் மட்டும் வேணாம்னாரு. உன்கிட்ட சொல்லாதன்னாரு."

"சொன்னா பண்ணிடுவியா?"

"அவரு உங்கப்பா. வேற எவனுக்கோவா பண்ணேன்? உன் வீட்டுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்."

என் வீட்டுக்கு நல்லது! கூடவே உட்கார்ந்து குழி பறித்துவிட்டு, அதில் எனக்காகச் செடி நட்டேன் என்கிறான். எந்த மஞ்சள் எடுப்பாகத் தெரியும் என்று ஒரு சாயங்காலம் முழுக்க என்னோடு வாதாடியவன் அவன். அது எதற்காக இருக்கிறது என்று என்னைத் தவிர உலகத்தில் முழுசாகத் தெரிந்த ஒரே ஆள். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவன் அழுதான். நாளைக்குச் சங்கத்துக்கு வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், சத்தியம் என்றான்.

வீட்டுக்குப் போனபோது அப்பா காலை நீட்டி உட்கார்ந்து பாத வெடிப்பில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். உப்பில் நிற்கிற கால்கள் எல்லாம் அப்படித்தான் வெடித்திருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன்," என்றார். "போன வருஷம் என் அம்பாரம் கரைஞ்சப்ப எவன் வந்து என்னன்னு கேட்டான்? இந்த வருஷமும் வானம் கறுத்துக்கினு வருது. பயந்துட்டேன்."

"மாமா கீத்தப் பிரிச்சது உனக்குத் தெரியாதாப்பா?"

"சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பண்ணுவனா?"

அதை நான் நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன். பயத்தில் மனிதன் என்னவோ செய்துவிடுகிறான். என்னிடம் வந்து கெஞ்சியிருந்தால் நானே மாமாவிடம் போய் அவருடைய முறையைக் கேட்டு வாங்கித் தந்திருப்பேனே என்றுதான் அழுகை வந்தது. அப்பா எண்ணெய்க் கிண்ணத்தை மூடிவைத்துவிட்டு, "நாளைக்குச் சங்கத்துல நானே சொல்லிடறேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்க வேணாம்" என்றார். அதுவரை அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் எல்லாரும் கூடிவிட்டார்கள். மாமா பெஞ்சில் உட்காராமல் வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். பாண்டி பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தேன், என் நண்பன் இறங்கவில்லை. அவன் போனை எத்தனை தடவை போட்டாலும் சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது.

தலைவர் என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "மாறினா மஞ்சள் நிக்கும், என் பொறுப்புன்னு நீதானம்மா சொன்ன?"

"ஆமாங்க."

"அப்புறம் எப்படி மாறிச்சு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சைக்கிள் கேரியரில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் வாயைத் திறப்பார் என்று நானும் காத்திருந்தேன். கயிறு முழுசாகச் சுற்றி முடிந்தது. மறுபடி அவிழ்க்க ஆரம்பித்தார்.

"மாத்தினது என்கூட வேல செய்றவன். மாத்தச் சொன்னது எங்கப்பா," என்றேன் நான்.

தலைவர் அப்பா பக்கம் திரும்பினார். "ஏம்பா, அப்படியா?"

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டரப் பத்தி எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றார். "அப்பன் உப்பு கரைஞ்சிடப் போவுதேன்னு பாசத்துல பண்ணிட்டிருக்கும். சின்னப் பொண்ணு. என் முகத்துக்காக மன்னிச்சு விட்டுடுங்க."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த ஒருவர் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனம் செய்வாரா என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயம்தான். பொய் சொல்லிவிட்டார் என்பதுகூட இல்லை, எனக்காகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாரே, அதில்தான் என் உடம்பு எரிந்தது. "இல்ல, அவரே நேத்து என்கிட்ட சொன்னாரு" என்று கத்தினேன். கத்துகிறவள் எப்போதுமே பொய்க்காரி மாதிரிதான் இருக்கிறாள். அதோடு கோபக்காரி என்ற பேர் வேறு எனக்கு ஏற்கெனவே இருந்தது.

அப்போது மாமா எழுந்து என்னிடம் வந்தார். திட்டினால் தேவலை என்று நின்றேன். அவர் என் தலையில் கையை வைத்தார்.

"வுடும்மா. அப்பனுக்கோசரம் பண்ண. என் பொண்ணு இருந்தா அதுவும் பண்ணியிருக்கும். இதுக்குப் போயி பெத்தவன் மேல பழிய போடாத," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் வருஷத்தை மழைக்குக் கொடுத்த மனிதர், நான் செய்யாததற்காக என்னை மன்னித்துவிட்டு, கரைந்த உப்பில் தேறுவதை அள்ளப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. அப்பா சைக்கிளைத் திருப்பி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சு. ஏறு, வீட்டுக்குப் போலாம்," என்றார்.

"நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கலையேப்பா," என்றேன். "எனக்கு எதுக்கு வாங்கிக் கொடுத்த?"

அவர் கேரியரைத் துண்டால் தட்டித் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் எனக்காக நின்று பார்த்தார். பிறகு தனியாக மிதித்துக்கொண்டு போய்விட்டார்.